குடக்கரிப்பு நூல்: படைஞர் இயல்

பாயிரம்

மாணவ, அமர்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் படைத்தொழில் பூண்ட மாந்தர் சிலர்க்கு உள்ளங்காலில் எழுந்து, முழங்கால் வழியே ஏறி, நெஞ்சிற் குடிகொண்டு, மீண்டும் காலுக்கே இறங்கிய ஒரு நமைச்சலைப் பற்றியது இந்நூல். ஞாயிறு மறையும் புறம் நோக்கி எழுவதால் அதனைக் குடக்கரிப்பு என்போம். தெற்கரிப்பும் வடக்கரிப்பும் உளவோ எனின், உள. அவை பிற நூலுள் உரைக்கப்படும்.

உழவர்க்கும் வணிகர்க்கும் இவ்வரிப்பு உண்டேனும் அவர்தம் அரிப்பில் நுட்பமில்லை. உழவன் விளைச்சலைக் கேட்டுப் போவான், வணிகன் விலையைக் கேட்டுப் போவான். படைஞன் அப்படியல்லன். நில் என்றால் நிற்கவும், நட என்றால் நடக்கவும் பழக்கப்பட்டவன் அவன். அப்படிப்பட்டவன் ஒருவரும் நட என்னாதபோது ஏன் நடந்தான் என்பதே நம் வினா.

குடக்கேகல் ஒரு வினை. வினையாதலின் வினைக்குரிய பகுப்பெல்லாம் அதற்கும் உரிய. வரலாற்று நூலோர் இவரை ஆண்டு நோக்கியும் வழி நோக்கியும் அடுக்கினரேயன்றி வினை நோக்கி அடுக்கினாரல்லர். அக்குறையை இங்கு நிறைவு செய்கின்றோம். ஏவல், தன்வினை, குறிப்பு, செயப்பாடு, பிறவினை என வகை ஐந்து. எச்சமும் முற்றும் அவற்றின் புறத்தே வைத்து ஆராயப்படும்.

1. ஏவற் குடக்கேகல்

மேலிடத்தான் 'போ' என்னக் கீழிடத்தான் போதல். 1846இல் மெக்சிக்கோவோடு போர் மூண்டபோது, மோர்மன் நெறியினருள் ஏறத்தாழ ஐந்நூற்றுவர் படையிற் சேர்க்கப்பட்டு, மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து கலிபோர்னியாவின் சான் தியேகோ வரை ஏறத்தாழ 2,000 கல் தொலைவு நடத்தப்பெற்றனர். 1847 சனவரியில் போய்ச் சேர்ந்தனர். பகைவரோடு பொரும் வாய்ப்பு அவர்க்குக் கிட்டவில்லை. இடைவழியில் முரட்டுக் காளைகள் சில பாய்ந்தன. அவற்றோடு பொருததே அவர்தம் போர்.

அதே 1846இல் நியூயார்க்கில் சிடீவன்சன் என்னும் படைத்தலைவர் ஒரு தொண்டர் படை திரட்டினார். போர் முடிந்ததும் கலிபோர்னியாவிலேயே விடுவிக்கப்பட்டு அங்கேயே குடியமரலாம் என்பது சேரும்போதே அவர்க்குச் சொல்லப்பட்டது. அவர்கள் கப்பலேறித் தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி 1847 மார்ச்சில் சான் பிரான்சிசுகோவில் இறங்கினர். இதனை ஏவல் என்பதா, குடியேற்றம் என்பதா என ஐயுறுவாய். துமுக்கி தோளில் இருக்கும் வரை ஏவல். அதனைக் கீழே வைத்த நொடி குடியேற்றம்.

ஏவல் திரிதலும் உண்டு. 1848 சனவரி 24 அன்று சட்டர் என்பாரின் மரமறுக்கும் ஆலையருகே பொன் தென்பட்டது. அங்கு வேலைசெய்தோருள் மேற்சொன்ன மோர்மன் படையிலிருந்து விடுபட்டோரும் இருந்தனர். கலிபோர்னியாவை ஆண்ட படைத்தலைவர் மேசன் அவ்வாண்டு ஆகசுடில் தலைநகர்க்கு ஓர் அறிக்கை விடுத்தார். படைஞன் திங்கள் முழுதும் உழைத்துப் பெறுவதைப்போல் இருமடங்குக்கு மேல், பொன்னகழ்வான் ஒரே நாளில் ஈட்டுகிறான் என்று அதிற் கணக்கிட்டுக் காட்டினார். இந்தக் கணக்கைப் படைஞரும் தாமே போட்டிருந்தனர். பாசறைகள் வெறிச்சோடின.

இங்கு ஓர் இடர்ப்பாடு. பொன்வயல்கள் மான்டெரேப் பாசறைக்கு வடகிழக்கே உள்ளன. படையை விட்டு ஓடியோர் கிழக்கு நோக்கியன்றோ ஓடினர், அவரைக் குடக்கரிப்பினருள் சேர்த்தல் தகுமோ எனின், தகும். மேற்கின் கடைக்கோடியில் முற்றிய அரிப்பு, சற்றே பின்வாங்கிச் சொறிந்துகொள்ளுதல் இயல்பு.

2. தன்வினைக் குடக்கேகல்

ஏவுவாரின்றித் தானே போதல். இது வழாநிலை, வழு, வழுவமைதி என முத்திறப்படும். மூன்றும் ஒருவரிடத்தே அமைந்து கிடப்பது பயில்வார்க்குக் கிடைத்தற்கரிய பேறு.

அவர் பெஞ்சமின் பானவில். பிரான்சிற் பிறந்து, வெசுட்டு பாயின்ட்டுப் படைக்கல்லூரியில் பயின்று 1815இல் தேறியவர். 1831இல் இரண்டாண்டுக்கும் மேற்பட்ட விடுப்புப் பெற்றார். 1832 மே முதல் நாளன்று 110 ஆள்களோடும் 20 வண்டிகளோடும் ஓசேசுக் கோட்டையிலிருந்து மென்மயிர்த்தோல் வாணிகத்துக்கெனக் கிளம்பினார். மலைத்தொடரின் தெற்குக் கணவாயை வண்டியோடு கடந்தவருள் அவரே முதல்வர். இதுவரை வழாநிலை.

1833 அக்டோபரில் விடுப்பு முடிந்தது. அரிப்பு முடியவில்லை. பானவில் மலைகளுக்கிடையே திரிந்துகொண்டிருந்தார். 1834இல் படைப்பட்டியலிலிருந்து அவர் பெயர் அடிக்கப்பட்டது. இது வழு, காலவழு என்க. 1835இல் திரும்பி வந்து, நடந்ததை எடுத்துரைத்து, 1836இல் குடியரசுத் தலைவர் சாக்சனின் இசைவால் மீண்டும் படையிற் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இது வழுவமைதி. வழுவென்று அறிந்தே அமைத்துக்கொள்ளுதல் நம் முன்னையோர் கண்ட நெறி; சாக்சன் அந்நூல்களைக் கற்றாரல்லர் எனினும் வழுவாது கைக்கொண்டார்.

பானவில் அரசின் ஒற்றராகவே அனுப்பப்பட்டார் என்பாரும் உளர். ஒற்றராயின் அவர் செலவு ஏவலின்பாற் படும். மேலே நிறுவிய மூன்று திறமும் ஒருங்கே கெடும். ஆகவே அக்கூற்றை நாம் கொள்ளோம்.

தன்வினையுள் மற்றொரு கிளை ஆகுபெயர்த் தலைவன். முன்னர்க் கூறிய ஆலைக்குடையவரான சான் சட்டர் இதற்குரியார். சுவிசு நாட்டுப் புறப்படையில் கீழ்நிலைத் துணைத்தலைவராய் இருந்தவர் அவர். 1834இல் கடன் கொடுத்தோரையும் மனைவியையும் மக்கள் ஐவரையும் ஒருசேர விட்டுக் கப்பலேறினார். கடல் தாண்டியதும், பிரான்சு மன்னரின் சுவிசுக் காவற்படைத் தலைவராய் இருந்தவர் என்று ஆனார். கடல்நீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், படிநிலையோ உயரும். ஓரிகன், அவாய், அலாசுகா எனச் சுற்றி 1839இல் கலிபோர்னியாவை அடைந்தார். மெக்சிக்கோ ஆளுநர் 1841இல் 48,000 ஏக்கர் வழங்கினார். பொன் கிடைத்தது அவர் ஆலையருகே, கெட்டவரும் அவரே. பொன்தேடிகள் அவர் நிலத்தில் அமர்ந்துகொண்டு ஆடுமாடுகளை அடித்துத் தின்றனர். இழப்பீடு கேட்டுத் தலைநகர் சென்று ஆண்டுக்கணக்கில் மன்றாடி, 1880இல் அங்கேயே இறந்தார். தலைநகர் கிழக்கில் உள்ளது என்பதைக் குறித்துக்கொள்க.

3. குறிப்புக் குடக்கேகல்

காலத்தை வெளிப்படக் காட்டாதது குறிப்புவினை. என்று போவான் என்று தெரியாதபடி கையில் தாளை மட்டும் வைத்திருப்பவன் இவ்வகையினன். 1812இல் பிரித்தானியரோடு நிகழ்ந்த போருக்கு ஆள் சேர்க்கையில், கூலியோடு 160 ஏக்கர் நிலமும் உண்டு என்றது அரசு. இல்லினாய் ஆறும் மிசிசிப்பி ஆறும் இடைகொண்ட நிலம் இதற்கென ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்று. அதற்குரிய தாளைப் பெற்றவருள் மிகப் பலர் அந்நிலத்தைக் கண்ணாற் காணாமலே தரகர்க்கு மலிவாக விற்றுவிட்டனர். தாளை விற்றவன் அரிப்பையும் விற்றான் ஆவானோ எனின், ஆகான். வாங்கிய தரகனும் அங்கே போனானல்லன். இத்தகைய தாள்கள் பெருகிப் பெருகி, 1855ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு நாள் படையில் இருந்தோர்க்கும் 160 ஏக்கர் என்றாயிற்று. இவ்வகையில் வேறு நுட்பம் இல்லை.

4. செயப்பாட்டுக் குடக்கேகல்

போவோன் வேறு, போக்குவோன் வேறு ஆதல். இதனைக் கற்கும்போது மட்டும் எழுதுகோலைச் சற்றே மெல்லப் பிடிக்க.

சாக்குக் குடியின் போர்மறவர் பிளாக் காக். இவரும் 1812ஆம் ஆண்டுப் போரிற் பொருதவரே, பிரித்தானியர் அணியில். மிசிசிப்பிக்குக் கிழக்கே, இராக் ஆறு அதனோடு கலக்குமிடத்தில் அவரது ஊர் இருந்தது. 1804இல் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கையைக் காட்டி அக்குடியினரை மேற்குக் கரைக்குப் போகச் சொன்னது அரசு. அவ்வுடன்படிக்கையைத் தம் மக்கள் ஏற்கவில்லை என்பது அவர் வழக்கு. 1832 ஏப்பிரலில் பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமாக ஏறத்தாழ ஆயிரவரோடு ஆற்றைக் கடந்து அவர் கிழக்கு நோக்கி வந்தார். நம் நூலில் வரும் படைஞருள் தன் ஊருக்குப் போக விரும்பியவர் இவர் ஒருவரே. ஆகசுடில், துரத்தப்பட்டு மேற்குக் கரைக்கு மீள முயன்றபோது, அவர்தம் மக்கள் பலர் ஆற்றங்கரையிலும் ஆற்றிலும் கொல்லப்பட்டனர்.

இவ்வகைக்கு உட்பிரிவு இல்லை.

5. பிறவினைக் குடக்கேகல்

தான் போகாது பிறரைப் போகச் செய்தல். பிளாக் காக்கைத் துரத்த இல்லினாயில் திரண்ட படைகளுள் ஏர்லி என்னும் தலைவரின் சிறு கூட்டமும் ஒன்று. அதில் படிநிலை ஏதுமின்றிச் சேர்ந்திருந்த மூவரை மாணவ, நன்கு நோக்குக. ஒருவர் சேம்சு கிளைமன். ஒருவர் சேம்சு ரீடு. மற்றொருவர் ஆபிரகாம் இலிங்கன். ஒரே பாசறைச் சோற்றை உண்ட மூவர் மூன்று வகையினராய்ப் பிரிந்தது இத்துறையின் பெரும்பேறு.

இலிங்கன் அரிப்பிலி. 1849இல் ஓரிகன் ஆட்சிப்பகுதியின் ஆளுநர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது, மறுத்துவிட்டார். ஆயினும் 1862இல், குடியரசுத் தலைவராய் இருந்து, குடியமர்வோர்க்கு 160 ஏக்கர் அளிக்கும் சட்டத்திலும், பெருங்கடல் வரை இருப்புவழி இடும் சட்டத்திலும் ஒப்பமிட்டார். தான் ஓரடியும் நகராது பல்லாயிரவரை நகர்த்தினமையின், பிறவினைக்கு இவரினும் சிறந்த காட்டு இல்லை. ரீடைப் பின்னர்க் காண்போம்.

6. எச்சம்

இனி இந்நூலின் நடுப்பொருளுக்கு வருகின்றோம். 'போய்' என்று தொடங்கி, முடிக்கும் சொல் கிட்டாமல் மீண்டும் 'போய்' என்றே அடுக்கிச் செல்லும் வாழ்க்கை வினையெச்ச வாழ்க்கை. கிளைமனது அத்தகையது.

அவர் 1792இல் வர்சீனியாவில், சார்சு வாசிங்டனுக்கு உரிமையான நிலத்திற் பிறந்தார். அவர் இளைஞராய் இருக்கையில் வீட்டார் ஒகாயோவுக்குப் பெயர்ந்தனர். அது பெற்றோர் அரிப்பு. மகன் கணக்கில் எழுதலாகாது. 1812ஆம் ஆண்டுப் போரில் ஒகாயோவின் ஊர்க்காவற் படையிற் சேர்ந்தார். போருக்குப் பின் இந்தியானாவிலும் இல்லினாயிலும் நிலம் அளந்தார். நிலத்தை அளக்கிறவனுக்கு அடுத்த நிலத்தின் எல்லை கண்ணிற் பட்டுக்கொண்டே இருக்கும். நிலம் அளப்போரை மேற்கெல்லையில் வேலைக்கு வைப்பது பெரும்பிழை என்பது எம் துணிபு.

1823இல் அளவைக் கூலியை வாங்க செயின்ட் லூயிக்குப் போனார். கூலி வாங்கப் போனவர் நாலாண்டு திரும்பவில்லை. அங்கே ஆசுலி என்னும் மென்மயிர்த்தோல் வணிகர் மிசௌரி ஆற்றுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆள் பிடிக்கும் வேலையைக் கிளைமனிடம் தந்தார். சாராயக் கடைகளில் புகுந்து கிளைமன் திரட்டிய கூட்டம் எப்படிப்பட்டதென்றால், சேக்சுபியரின் கூத்தில் வரும் பால்சுட்டாபின் கந்தற் படையைவிடத் தாழ்ந்தது என்று பின்னாளில் அவரே எழுதினார். அக்கூட்டத்தோடு அவரும் ஆற்றில் ஏறினார். சூன் திங்களில் அரிக்காராக் குடியினர் தாக்க, பத்துப் பேருக்கு மேல் இறந்தனர். கிளைமன் மிசௌரியைக் கடந்தார். மூவர் துரத்த, புல்வெளியில் ஓடி ஒளிந்து உயிர் தப்பினார். அரிப்பு இதனால் தணிந்ததோ எனின், ஓடியதால் கால் சூடேறி மிகுந்தது.

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் நிகழ்ந்தது தையல். செடிடையா சிமித் என்னும் கூட்டத்தலைவரைப் பெருங்கரடி ஒன்று பிடித்தது. அவர் தலையைக் கவ்வி, தோலைக் கிழித்து, ஒரு காதை அறுபடும் நிலையில் விட்டுப் போயிற்று. சுற்றி நின்றவருள் மருத்துவம் அறிந்தார் எவருமில்லை. 'நீ போ', 'நீ போ' என்று ஒருவரையொருவர் பார்த்து நின்றனர். குருதி ஒழுகக் கிடந்த சிமித்தே தண்ணீர் கொண்டுவரவும் ஊசி நூல் எடுக்கவும் சொன்னார். கிளைமன் கத்தரியால் மயிரைக் களைந்து, கிழிந்த தோலை இழுத்துப் பொருத்தித் தைத்தார். காதுக்கு வந்ததும், இதற்கு என்னால் ஆவதொன்றுமில்லை என்று ஊசியைத் தாழ்த்தினார். எப்படியாவது தைத்துப் பார் என்றார் சிமித். கிளைமன் காதின் துண்டுகளைக் கையாற் சேர்த்துப் பிடித்து, ஊசியை இப்புறமிருந்து அப்புறமும் அப்புறமிருந்து இப்புறமும் செலுத்தினார். காது ஒட்டிற்று. அதன்பின் சிமித் மயிரை நீள வளர்த்து அதனை மறைத்துக்கொண்டார்.

இத்தையலால் பெறப்படும் நெறி ஒன்று: எச்சவாழ்வினன் எத்தொழிலையும் முழுதாகக் கல்லான், எத்தொழில் வரினும் பின்வாங்கான்.

1824இல் சிமித்தோடு தெற்குக் கணவாயைக் கடந்தார். அக்கோடையில் தோழரைப் பிரிந்து தனியராகி, பிளாட்டு ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 600 கல் கிழக்கு நோக்கி நடந்து அட்கின்சன் கோட்டையை அடைந்தார். குண்டுகள் குறைந்துபோக, வளை தோண்டும் சிறுவிலங்குகள் இரண்டைக் குதிரை எலும்பால் அடித்துத் தின்றார். 1826இல் தோழர் மூவரோடு தோற்படகில் பேருப்பேரியைச் சுற்றி வந்து, அதற்கு வெளிப்போக்கு இல்லை என்று கண்டார். 1827இல் இல்லினாய் மீண்டு, நிலமும் கடையும் வைத்தார். 1832இல் போர். பின்னர் விசுகான்சின். அவ்விடைக்காலத்தில் நமக்குக் குறிப்பிடத்தக்கது ஒன்றுமில்லை.

இருமல் குறிப்பிடத்தக்கது. தீராத இருமலுக்குக் காற்று மாறினால் நலம் என்று கிளம்பியவர், 1844இல் தம் 52ஆம் அகவையில் ஓரிகன் செல்லும் வண்டிக்கூட்டத்தோடு போய்விட்டார். கூலி, இருமல் இரண்டையும் ஒப்பிடுக. குடக்கரிப்பினன் ஒருபோதும் 'மேற்கே போகிறேன்' என்று சொல்லிக் கிளம்பான். 1845இல் ஓரிகனிலிருந்து கலிபோர்னியா சேர்ந்தார். வழியெல்லாம் நாட்குறிப்பு எழுதினார். எழுத்துப்பிழை மிகுதி, செய்திப்பிழை குறைவு.

7. குணக்கு மீள்வும் வழிக்குறுக்கமும்

1846 வேனிலில் கிளைமன் கிழக்கே திரும்பினார். உடன் வந்தவர் ஏசுடிங்சு. பேருப்பேரிக்குத் தெற்கே பாலைநிலத்தின் ஊடே ஒரு குறுக்குவழி உண்டென்று நூல் எழுதியவர். எழுதிய பின்னரே அவ்வழியிற் செல்ல வந்தார். இருவரும் அப்பாலையைக் கடந்தனர். அதன் இயல்பு கிளைமனுக்கு விளங்கிற்று.

சூன் இறுதியில் இலாரமிக் கோட்டையருகே, மேற்கு நோக்கி வரும் வண்டிகளைக் கிளைமன் எதிர்கொண்டார். அவற்றுள் ஒரு குழுவில் பதினான்கு ஆண்டுக்கு முன் ஒரே படையில் இருந்த ரீடு இருந்தார்; டானர் உடன்பிறப்புகள் இருவரும் இருந்தனர். இரவு முழுதும் பேச்சு. பழகிய வண்டித்தடத்திலேயே போங்கள், அதைவிட்டு விலகாதீர், அதிற் போனாலே பனிக்குமுன் மலை கடப்பது அரிது என்றார் கிளைமன். கிட்டிய வழி ஒன்று இருக்கையில் சுற்றுவழி எதற்கு என்றார் ரீடு.

சொற்கண் குறுக்கம் வந்தால் ஒலி குறையும். வழிக்கண் குறுக்கம் வந்தால் ஆள் குறைவர். அக்குறுக்குவழி பழைய தடத்தினும் நீண்டதாய் முடிந்தது. டானர் குழுவினர் 87 பேருள் பெரும்பாலோர் சியாரா நெவாடா மலையிற் பனியில் சிக்கினர். குழுவினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். இறந்தோரை உண்டு உயிர் வாழ்ந்தோரும் உளர். ரீடும் மனைவியும் மக்களும் பிழைத்துக் கலிபோர்னியாவிற் குடியமர்ந்தனர்.

வழி தெரிந்தவன் சொல்லியும் ஏன் கேளார் எனின், அவன் கிழக்கு நோக்கி வந்துகொண்டிருந்தான். அரிப்புடையார்க்கு எதிர்ப்புறம் வருவோன் சொல் செவியில் ஏறாது. அச்சிட்ட நூல் ஏறும்.

8. முற்று

1848இல் கிளைமன் மீண்டும் மேற்கே கிளம்பினார். இம்முறை ஒரு வீட்டாருக்கு வழிகாட்டி. 1849இல் அவ்வீட்டு மகள் அன்னா மெக்கோம்பை நாப்பாவில் மணந்தார். அகவை 57. நாப்பாவிலேயே நிலம் வாங்கி, உழுது, 1881இல் இறந்தார். நாப்பாவுக்கு மேற்கே ஒன்றிரண்டு மலைத்தொடர், அப்பால் கடல்.

இம்முற்று மணத்தால் வந்ததா, மண் தீர்ந்ததால் வந்ததா என்பதில் இருவேறு கொள்கை உண்டு. மண் தீர்ந்ததால் வந்தது என்பதே எம் முடிவு.

பயிற்சி. சான் பிரீமாண்ட்டு என்னும் படைத்தலைவர் 1848இல் படைமன்றத் தீர்ப்புக்குப் பின் தம் பொறுப்பைத் துறந்து, அதே ஆண்டு குளிர்காலத்தில் மீண்டும் மேற்கு மலைகளுக்குட் புகுந்து ஆள்களை இழந்தார். இவர் தன்வினையா, வழுவா, எச்சமா? விடையைத் தனித்தாளில் எழுதிக் கொண்டுவருக. மேற்கு நோக்கி அமர்ந்து எழுதுதல் கூடாது.